கால்மாட்டில் வெட்டிய குழி

கோர்பினியன் மோஸ்பர்கர் ஃபால்கன்ரீட் ஊர்க் கோவிலில் முப்பத்தொரு வருஷம் கோவில்பிள்ளையாக இருந்தவர். மணியடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, பவனிக்குச் சிலுவை தூக்கி முன்னே நடப்பது, குழி வெட்டுவது எல்லாம் அவர் வேலை. இது போக, பீடத்துக்குக் கீழே இருந்த இளவரசர் குடும்பத்து நிலவறையின் சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்கியது. உள்ளே நாற்பத்தேழு பெட்டிகள். யாருக்கு யார் மகன், எந்த மருமகள் எந்த அரண்மனையிலிருந்து வந்தவள் என்று இருட்டிலும் பெட்டியைத் தடவிச் சொல்லிவிடுவார். சம்பளம் வாங்கிக்கொண்டு வம்சாவளி எழுதிய அரண்மனை எழுத்தரே சந்தேகம் வந்தால் கோவிலின் பின்கதவைத்தான் தட்டுவார். அந்த வம்சத்தில் தன் மகளின் பெயர் ஏறாது என்பது அதனாலேயே ஊர் அறியும் முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது.

மகள் வால்புர்கா ஊர்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். ஆளும் இளவரசரின் தம்பி எகோன், கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அந்தக் குடும்பத்துச் சட்டப்படி, வரும் பெண்ணின் எள்ளுத்தாத்தா எள்ளுப்பாட்டி பதினாறு பேரும் பிரபுக்களாக இருந்தாக வேண்டும். வால்புர்காவின் பதினாறு பேரில் பாதிப் பேர் மண்வெட்டி பிடித்தவர்கள். அதனால் இடக்கைக் கல்யாணம் நடந்தது. பீடத்தின் முன் மாப்பிள்ளை இடக்கையை நீட்டினார், அவள் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இளவரசிப் பட்டம் கிடையாது. பிள்ளை பிறந்தால் குடும்பப் பெயர் கிடையாது. செத்தால் நிலவறையில் இடம் கிடையாது. மூன்றுக்கும் அவள் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக் கையெழுத்து அப்பாவுடையது.

சட்டத்தைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வேறு. அந்த வருஷ நற்கருணைப் பவனியில், ஆற்றுப்பாலத்து வளைவில் திரும்பும்போது, முன்னே போன அவருக்கு முழு வரிசையும் தெரிந்தது. நற்கருணை ஏந்திய குருவுக்கு மேல் பிடித்த விதானத்தை ஒட்டி அண்ணன் பக்கத்தில் எகோன். அப்புறம் அதிகாரிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள், சமையல்காரிகள், துணி வெளுப்பவர்கள். அவர்களுக்கும் பின்னால், கடைசியாக, தன்னந்தனியாக வால்புர்கா. ஒரே ஒரு தடவை அந்த மனிதர் பின்தங்கி அவளோடு சேர்ந்து நடந்திருக்கலாம். எட்டு வருஷத்தில் எட்டுப் பவனி போயிற்று, அவர் நடக்கவே இல்லை. மகளிடம் கேட்டதற்கு, அவர் முன்னால் நடந்தால்தான் அவர் அண்ணன் என்னை வீட்டில் விட்டுவைப்பார், நீங்கள் வாயை மூடிக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டாள்.

ஒன்பதாம் வருஷம் நுரையீரல் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் தன் குடும்ப இடத்தில், அவள் அம்மாவின் பக்கத்தில், கோர்பினியனே குழி வெட்டினார். மகளுக்கு இடப்பக்கம் அம்மா, வலப்பக்கம் ஓர் ஆள் இடம் காலி. அது தனக்கென்று ஒதுக்கிக்கொண்டார். அரண்மனையிலிருந்து எகோன் மட்டும் வந்து நின்றார். அதற்குப்பின் ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் கல்லறைக்கு வருவார். அவர் தலை மறையும்வரை கோர்பினியன் மண்வெட்டிக் கொட்டகையை விட்டு வெளியே வர மாட்டார். ஆறு வருஷம் இருவரும் ஒரு சொல் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு மார்ச் மாதம் எகோனும் இறந்தார். உடல் நிலவறைக்கு, அதில் மறுபேச்சில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. இறந்தவரின் இதயத்தை எடுத்து வெள்ளிக் கலசத்தில் வைத்துத் தனியே அடக்கம் செய்வார்கள். அது எங்கே போக வேண்டும் என்பது மட்டும் செத்தவர் விருப்பம். மற்றவர்கள் எல்லாம் மலைமேலிருக்கும் மாதா கோவிலுக்கு எழுதிவைத்தார்கள். எகோன், வால்புர்காவின் கல்லறைக்கு என்று எழுதிவைத்திருந்தார்.

கல்லறை இடம் கோர்பினியனுடையது. அவர் சம்மதிக்காமல் அதில் ஒரு பிடி மண் எடுக்க முடியாது. எனவே அரண்மனை மேலாளர் நேரில் வந்தார்.

"உசிரோட இருந்தப்ப நாப்பது அடி பின்னால வர முடியல. இப்ப மட்டும் எப்படி வருதாம்?" என்றார் கோர்பினியன்.

"கடைசி ஆசைய்யா. ஒரு சாண் எடம். இதுக்குப் போயி வம்பு பண்ணாத."

கோர்பினியன் இடுப்புச் சாவிக்கொத்தைக் கையில் பிடித்தார். "எடம் தரேன். ஆனா ஊர்வலத்துல அந்தக் கலசம் பொட்டியோட முன்னால போகக்கூடாது. எம்பொண்ணு நடந்த எடத்துல வரணும். துணி வெளுக்கற பொம்பளைங்களுக்குப் பின்னால, கடைசியா."

மேலாளர் முகம் சிவந்து போய்விட்டார். கோவில்பிள்ளைக்குத் தலை கனத்துவிட்டது என்று பீர்க்கடையில் பேசிக்கொண்டார்கள். பங்குக் குருவும் தன் பங்குக்குச் சொல்லிப் பார்த்தார். சாயங்காலம் ஆளும் இளவரசரிடமிருந்து ஒரே வரியில் சம்மதம் வந்தது. அதன்பிறகே கோர்பினியன் மண்வெட்டியை எடுத்தார். மகளின் கால்மாட்டில் வெட்டினார். அவ்வளவுக்குத்தான் அவருக்கு மனம் வந்தது.

அடக்கத்தன்று பாலத்து வளைவில் திரும்பிப் பார்த்தார். நீண்ட கறுப்பு வரிசை. அதன் கடைசியில், எகோனின் கிழட்டுப் பணியாள் இக்னாஸ், கறுப்புத் துணி மூடிய கலசத்தை இரண்டு கையாலும் ஏந்தித் தனியாக வந்துகொண்டிருந்தான். வயிறு குளிரும் என்று நினைத்திருந்தார். குளிரவில்லை. மகளைத் திரும்ப ஒருமுறை அங்கே பார்த்ததுபோல் இருந்தது.

நாற்பத்தெட்டாவது பெட்டியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினார். குடும்பத்தார் வழக்கப்படி அரண்மனைக்குத் திரும்பிவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு வந்தது குருவும் இக்னாஸும் சில சமையல்காரிகளும்தான். இக்னாஸ் துணியை விலக்கினான். அந்த வம்சத்துக் கலசங்களில் பட்டங்களை வெட்டுவதற்கு மூடி போதாமல் பக்கவாட்டிலும் வெட்டியிருப்பார்கள். இதில் இரண்டே வரி. எகோன். வால்புர்காவின் கணவன்.

கோர்பினியன் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"எப்ப வெட்டுனது இது?"

"வால்புர்காம்மா தவறுன மாசமே. ஆறு வருஷமா அவர் கட்டில் பக்கத்துலதான் இருந்துச்சு."

"இத உசிரோட இருந்தப்ப ஒரு தடவ வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்ல?"

"தைரியம் இல்ல," என்றான் இக்னாஸ். "அது அவருக்கே தெரியும்."

ஆத்திரம் தீர்ந்ததென்று சொல்ல முடியாது. ஆறு வருஷம் கொட்டகைக்குள் ஒளிந்து நின்றதும் இப்போது அவருக்கு வலித்தது. கலசத்தை இக்னாஸின் கையிலேயே விட்டுவிட்டு, கால்மாட்டில் வெட்டியிருந்த குழியை மூடினார். குரு புத்தகத்தை விரித்தபடி காத்திருந்தார். கோர்பினியன் மகளின் வலப்பக்கம் போய், தோளுக்கு நேராக, முன்னாலும் இல்லாமல் பின்னாலும் இல்லாமல், புதிதாக வெட்டத் தொடங்கினார்.

"அது உங்களுக்குன்னு வெச்சிருந்த எடமாச்சே," என்றான் இக்னாஸ்.

"நான் கால்மாட்டுல படுத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுக் கலசத்துக்காகக் கையை நீட்டினார்.