வராதவருக்கு ஒரு தட்டு

அடுத்தவர் தட்டு நிறையும்போது தன் வயிறு காலியாக இருப்பதுதான் பரிமாறுகிற தொழில். இதே பிழைப்பில் இருக்கும் சகாக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புதுச்சேரி ஓரத்தில், பிரெஞ்சுக்காரர் காலத்தில் நீலச் சாயத்துக்காக அவுரி பயிரான தோட்டத்துப் பங்களாவில் எனக்கு வேலை. வருகிறவர்கள் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரே நீள மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒரு நாளாவது அந்த மேசையில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது என் மனைவி ஷமீமாவின் ஆசை. எனக்கும்தான்.

முதலாளி நாற்காலி

மேசைக் கோடியில் இருக்கும் நாற்காலியில் யாரையும் உட்கார வைக்க மாட்டோம். பிரான்சில் இருக்கும் முதலாளி திடீரென்று வந்து நிற்கலாம் என்று, தினமும் அங்கே ஒரு தட்டில் பரிமாறி மூடி வைப்பது வழக்கம். நான் சேர்ந்த நாளிலிருந்து மனிதர் வந்தபாடில்லை.

விழுப்புரத்திலிருந்து வந்த ஒரு அம்மாளிடம் இதைப் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். அவுரி ஊறவைத்த தொட்டிகளையெல்லாம் வெயிலில் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். "வராதவருக்குச் சோறு போட்டு மூடி வச்சிட்ட. வந்தவளுக்கு இன்னும் தண்ணி வரலியேப்பா!"

சங்கரா மீன்

பாரிசில் குடியேறிய நம்மூர்ப் பெரியவர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். அன்றைக்குத் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து வந்த சங்கரா. அவர் முள் நீக்கி நீக்கி மனைவி தட்டில் வைக்க, அந்தம்மா அவரை ஏதோ திட்டிக்கொண்டே சாப்பிட்டார். பார்க்கப் பார்க்க எனக்கு ஏக்கம் தாங்கவில்லை. ஞாயிறும் பண்டிகையும் எங்களுக்குக் கூட்ட நாள். நான் முத்தியால்பேட்டை வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஷமீமா சாப்பிட்டு முடித்திருப்பாள்.

"குடுத்து வச்சவங்க சார் நீங்க" என்றேன். பெரியவர் சிரித்தார். "நீ வேற! தினம் சண்டதான் தம்பி. ஆனா ஒண்ணா உக்காந்துதான் சண்ட போடுவோம்."

அடுக்களை மணி

போன மாதம் மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி, லீவு நாளில் ஷமீமாவை விருந்தாளியாகக் கூட்டிப்போனேன். கல்யாணப் புடவையில் வந்தாள். தோட்டம் பார்த்தோம், தொட்டி பார்த்தோம், மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். முதல் வாய் எடுத்து வைக்கப் போகிறேன், அடுக்களையில் மணி அடித்தது. 'தயார், வந்து எடு' என்று எங்களுக்கு அர்த்தம். என்னையறியாமல் எழுந்து ஓடிவிட்டேன். உடன் வேலை செய்யும் செல்வம், "நீ இன்னிக்கி கஸ்டமருண்ணே, உக்காரு" என்று இழுத்து வந்து உட்கார வைத்தான். மறுபடி மணி. மறுபடி நான்.

குழம்பு வாளியும் கையுமாகத் திரும்பி வந்தபோது, ஷமீமா சாப்பிட்டு முடித்திருந்தாள். எனக்கு எல்லாம் எடுத்து வைத்து, இன்னொரு தட்டால் மூடியிருந்தாள். முதலாளி தட்டுக் கதையைச் செல்வத்திடம் கேட்டிருந்த பக்கத்து இருக்கை அம்மாள் அதைப் பார்த்து, "இதுதான் அந்த முதலாளி தட்டா?" என்று கேட்டார். ஷமீமா என்னைப் பார்க்காமலே பதில் சொன்னாள். "இல்லக்கா, இது எங்க வூட்டுக்காரரு தட்டு. இவரும் வரமாட்டாரு போலருக்கு."

அடுத்த லீவுக்கும் இடம் சொல்லி வைத்தாயிற்று. இந்த முறை அந்த மணியின் நாக்கைக் கழற்றி ஷமீமாவின் கைப்பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் உட்காருவதாக இருக்கிறோம்.