இன்னொருதடவைக்காரர் போட்ட கோடு

தன் அண்ணனுக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது, கல் பட்டறைக்கு வேலைக்குப் போன முதல் நாள்தான் அவளுக்குத் தெரிந்தது. வாசலில் நின்று, "எங்க அண்ணன் உள்ள இருக்காரா? வரச் சொன்னார்" என்றாள். மெருகுச் சக்கரங்களின் முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"யாரு, இன்னொருதடவைக்காரரா? அதோ, ஜன்னல்கிட்ட. கல்லுக்கு முதுகு எது, வயிறு எதுன்னு காலையிலேர்ந்து விசாரிச்சுக்கிட்டு இருக்கார்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அவளுக்குத்தான் முகம் சுண்டிப்போனது.

அந்தப் பெயரை வாங்கித் தந்த குணம் எங்கிருந்து முளைத்தது என்று பட்டறையில் யாருக்கும் தெரியாது. வீட்டில் தெரியும். அப்பா போனபோது அண்ணனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. குடும்பம் அவர் தலையில் விழுந்தது. அக்காவைப் பெண் கேட்டு வந்தார்கள். காலையில் வந்தவர்களுக்குச் சாயங்காலமே சரி என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. இதற்கு மேல் என்ன பார்க்க? கொஞ்ச காலத்தில் அக்கா ஒரு துணிப்பையோடு திரும்பி வந்தாள். அங்கே என்ன நடந்தது என்று அம்மாவிடம்கூட வாய் திறக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் படுத்தவள்தான்.

அக்காவைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன பிறகு அண்ணன் எதற்கும் சட்டென்று சரி சொல்வதை விட்டுவிட்டார். சோப்பு வாங்கினாலும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "இன்னொரு தடவ பாத்துக்கிறேன்" என்பார். கடைக்காரருக்குப் பொறுக்காது. "அண்ணே, அது சோப்பு. எந்தப் பக்கம் பாத்தாலும் சோப்புதான்."

கல் வேலையில் மட்டும் அந்தக் குணம் சோறு போட்டது. சில கற்களுக்குள் ஒளி ஒரு திசையில் படுத்திருக்கும். அது படுத்திருக்கிற வாக்கிலேயே கல்லின் அடிப்பாகம் அமையும்படி அறுத்து, மேலே உருட்டாகத் தேய்த்தால், ஒளி நடுவில் வந்து நிற்கும். கொஞ்சம் சாய்ந்தால் ஓரத்துக்கு ஒதுங்கும். குறுக்கே அறுத்துவிட்டால் போச்சு, செத்த கல். அதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. அண்ணன் கல்லை நனைத்து, விளக்குக்குக் கீழே உருட்டிப் பார்த்து, அலுமினியக் குச்சியால் கோடு போடுவார். மையால் போட்டால் தண்ணீரில் போய்விடும். அந்தக் கோட்டில் இயந்திரத்தில் அறுப்பது தங்கையின் வேலை. கோடு போடுகிறவர் அறுக்கக் கூடாது; அறுக்கிறவர் கோட்டைக் கேள்வி கேட்கக் கூடாது. பட்டறையின் சட்டம் அது. ஒரே கல்லை இரண்டு பேர் யோசித்தால் கை நடுங்கும் என்பார் முதலாளி.

மெருகு போடுகிறவர்களில் நெட்டையாக ஒருவர் இருந்தார். வாய் ஓயாது. ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அறுத்த கற்களை வாங்கிப் போக வரும்போதெல்லாம் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் நகருவார்.

"என்ன, இன்னிக்கு மூஞ்சியில கரண்ட் இல்ல?"

"இருக்கிற கரண்டெல்லாம் உங்க வாய்க்கே போயிடுது. எனக்கு எங்க மிச்சம்?"

பட்டறையே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். அவள் இப்போதெல்லாம் இரண்டு தடவை தலை வாரிக்கொண்டு கிளம்புவதை அம்மா கவனித்தாள்.

ஒருநாள் ரேடியோ அறுக்காத சந்திரகாந்தக் கல் ஒன்றை அண்ணன் முன்னால் வைத்தார். கட்டைவிரல் பருமன் இருக்கும். நனைத்துத் திருப்பினால் உள்ளே நீலமாக ஓர் ஒளி புரண்டு படுத்தது.

"அண்ணே, இதுல ஒரு மோதிரக் கல்லு வேணும்."

"யாருக்கு?"

ரேடியோ அறுக்கும் இயந்திரத்தின் பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வெளியூர்ப் பட்டறையில வேலைக்குக் கூப்பிடுறாங்க. வருஷக் கடைசியில கிளம்பணும். தனியா போக வேணாம்னு பாக்கிறேன். நீங்க இதுல கோடு போட்டுக் குடுத்தீங்கன்னா, உங்களுக்குச் சம்மதம்னு எடுத்துக்குவேன்."

அண்ணன் கோடு போடவில்லை. கல்லில் முடி மாதிரி ஒரு விரிசல் ஒளிக்குக் குறுக்கே ஓடியது. ஒளிக்காக அறுத்தால் விரிசல் கல்லின் நெஞ்சில் நிற்கும். சக்கரத்தில் வைத்ததும் பிளந்தாலும் பிளக்கும். விரிசலை ஒதுக்கி அறுத்தால் ஒளி ஓரத்துக்குப் போய்விடும். அது நிஜமான சிக்கல்தான். ஆனால் ரேடியோவுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார், அவருடைய அப்பா வீட்டில் எப்படி இருந்தார் என்றும் அண்ணன் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் விசாரித்தார். ஒருவரும் குறை சொல்லவில்லை. வெள்ளைச் சட்டைக்காரனைப் பற்றியும்தான் அன்று ஒருவரும் குறை சொல்லவில்லை.

சாப்பிடும்போது அவள் கேட்டேவிட்டாள். "அண்ணா, அந்தக் கல்லு என்னாச்சு?"

"இன்னொரு தடவ பாத்துக்கிறேம்மா."

"விரிசலயா, ஆளயா?"

அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்காவுக்கு நான் ஒரு தடவதான் பாத்தேன்."

"அதுக்காக? இவ வயசு என்ன கல்லாடா, தண்ணியில போட்டு வைக்க?" என்றாள் அம்மா. அண்ணன் கை கழுவ எழுந்துபோனார்.

வருஷக் கடைசியில் ரேடியோ தனியாகத்தான் கிளம்பினார். "பாத்து முடிங்க அண்ணே, வந்து வாங்கிக்கிறேன்" என்றார். அடுத்த வருஷம் சொன்னபடி வந்தார். ஜன்னல் விளிம்பில் கல் அப்படியே இருந்தது. கோடு போட்டு அழித்து, போட்டு அழித்து, அதன் மேலெல்லாம் சாம்பல் பூசிய மாதிரி ஆகியிருந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். நேராக இயந்திரத்துக்கு வந்தார்.

"நீ வந்துடுறியா?"

அவள் கையில் வேறொரு கல் இருந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணன் கோடு போடலயே" என்றாள்.

வேறு என்ன சொல்லத் தெரியும் அவளுக்கு? அத்தனை வருஷமும் கோடு வரும்வரை காத்திருப்பதுதான் அவள் தொழில். ரேடியோ தலையை ஆட்டினார். அவள் கையிலிருந்த கல் அறுபட்டு முடியும்வரை நின்றார். பிறகு போய்விட்டார்.

அவருக்கு வேறிடத்தில் கல்யாணம் முடிந்துவிட்ட செய்தியை முதலாளிதான் பட்டறையில் வந்து சொன்னார். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. அன்று மத்தியானம் அண்ணன் ஜன்னல் விளிம்பிலிருந்து கல்லை எடுத்தார். நனைத்தார். திருப்பாமல், தயங்காமல், ஒளிக்கு நேராக ஒரே கோடு இழுத்து, அவளிடம் கொண்டுவந்து நீட்டினார்.

"அறும்மா."

இப்போது எதற்கு என்று அவள் கேட்டிருக்கலாம். தூக்கி எறிந்திருக்கலாம். கோட்டைக் கேள்வி கேட்கக் கூடாது. அறுத்தாள்.

இரண்டு பாதியும் தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் உள்ளங்கையில் கிடந்தன. ஒளி நட்டநடுவில் நின்றது. விரிசல் நகத்தின் கனத்துக்குக்கூட உள்ளே இறங்கவில்லை. மேல்தோலோடு நின்றுபோயிருந்தது.

"நல்ல கோடு அண்ணா" என்றாள்.

அண்ணன் இயந்திரத்தின் காலடியில், ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வாயில் கையை வைத்து அடக்கியும் சத்தம் வந்தது. சக்கரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அன்று யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

மறுநாள் அலுமினியக் குச்சியைத் தங்கையின் மேசையில் வைத்தார். பிறகு அவர் எந்தக் கல்லிலும் கோடு போடவில்லை. போடுவதும் அறுப்பதும் அவளே என்றானது. முதலாளி முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டார். அவளைக் கேட்டு வந்தவர்கள் அதற்குப் பிறகும் உண்டு. வேண்டாம் என்று அவளே சொன்னாள், ஒரே தடவையில். அந்த இரண்டு பாதியையும் யாரும் சக்கரத்தில் வைக்கவில்லை. அவள் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன.

அம்மா போய்விட்டாள். அண்ணன் இப்போதும் அந்தப் பட்டறையில்தான் இருக்கிறார். காலையில் தங்கையின் இயந்திரத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். சாயங்காலம் தரையைக் கழுவிவிட்டு அவளோடு வீட்டுக்கு வருகிறார்.