வெல்டாவின் பத்து வெள்ளிக்கிழமைகள்

எங்கள் ஓர்விஸ் உயர்நிலைப் பள்ளியின், ஹெல்மெட் போட்டு மோதும் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு, எதிரணி தேடி யார் ஆட்டம் பிடித்துத் தருகிறார் என்று ஊரில் கேட்டால், டர்க் ஷ்ரைவர் என்பார்கள். அவர்தான் விளையாட்டு இயக்குநர். அறைக்கதவில் பித்தளைப் பலகை இருக்கிறது. அந்தப் பலகையைத் துடைப்பதும் ஆட்டம் பிடிப்பதும் வெல்டா கிரிம்ஸ்லி.

வெல்டா பள்ளி அலுவலகத்தின் முன்மேசைக்காரர். வயது ஐம்பத்தாறு. ஜூலை வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். தாமதமாக வருபவனுக்குச் சீட்டு, மூக்கில் ரத்தம் வருபவனுக்குப் பஞ்சு, சாப்பாடு மறந்தவனுக்குத் தன் டப்பாவில் பாதி, எல்லாம் அந்த மேசையிலிருந்துதான். ஆட்ட நாளில் வாசலில் நின்று வருகிறவர்களின் கையில் முத்திரை குத்துவார். வாசலில் கூட்டம் ஓய இடைவேளை ஆகிவிடும் என்பதால், இருபத்தோரு வருடங்களில் ஓர் ஆட்டத்தின் முதல் பாதியைக்கூட அவர் பார்த்ததில்லை. இதைப் பற்றி ஒருவரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. நானும் பட்டதில்லை, இதை எழுத உட்காரும் வரைக்கும்.

போன வருடம் ஜனவரியில் எங்களை லீக்கிலிருந்து தூக்கி எறிந்தார்கள். எட்டுப் பள்ளிகள் சேர்ந்த லீக். ஓஹையோவின் இந்தத் தென்கிழக்கு மூலையில் ஐம்பத்தோரு வருடமாக அந்த எட்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. வெல்லர் பள்ளிக்காரர்கள் கூட்டம் போட்டார்கள், ஓட்டெடுத்தார்கள், ஏழுக்கு ஒன்று. அந்த ஒன்று நாங்களே. காரணம் கேட்டால், ஓர்விஸுக்கு வரும் சாலையில் வளைவுகள் அதிகம், அவர்கள் பிள்ளைகளுக்கு பஸ்ஸில் வாந்தி வருகிறதாம். ஐம்பது வருடம் வராத வாந்தி, நாங்கள் வெல்லரை அவர்கள் மைதானத்திலேயே தோற்கடித்த மறுவருடம் வந்துவிட்டது. கடிதத்தின் கடைசி வரியில் வாழ்த்துகள் என்று வேறு எழுதியிருந்தார்கள். படித்துவிட்டுக் கை கழுவ வேண்டும் போலிருந்தது.

லீக்கில் இருந்தால் பத்து வெள்ளிக்கிழமைகளில் ஏழு தானாக நிரம்பிவிடும். மூன்றுக்கு மட்டும் ஆள் தேடினால் போதும். வெளியே தள்ளிவிட்டால் பத்தும் காலி. மற்ற பள்ளிகள் எல்லாம் அவரவர் லீக்குக்குள் ஆடிக்கொண்டிருக்கும் அக்டோபரில் உங்களோடு ஆட யார் வருவார்கள்? எங்களைப் போலத் துரத்தப்பட்டவர்கள்தான் வருவார்கள். அவர்களையும் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஷ்ரைவர் கடிதத்தைப் படித்தார். "பாத்துக்கலாம்" என்றார். உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போய்விட்டார்.

வெல்டா போனை எடுத்தார்.

அடுத்த சுற்றுக்குப் போவது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளியில் கணக்கில் தேறாதவன்கூட இந்தக் கணக்கில் தேறிவிடுவான், நானே சாட்சி. நாங்கள் ஜெயித்தால் எங்களுக்குப் புள்ளிகள். அதோடு முடியாது. நாங்கள் தோற்கடித்த அணி வேறு யாரையாவது தோற்கடித்தால், அதற்கும் எங்களுக்குப் புள்ளிகள். பத்து வாரம் முடிந்ததும் வட்டாரத்தில் முதல் பதினாறு இடத்தில் இருப்பவர்கள் நாக்-அவுட்டுக்குப் போவார்கள். ஓர்விஸ் ஒருமுறைகூடப் போனதில்லை. ஆகவே நோஞ்சான்களை அடித்துப் பயனில்லை, பயில்வான்களிடம் அடி வாங்கியும் பயனில்லை. எங்களிடம் மட்டும் தோற்று மற்ற எல்லோரையும் அடித்து நொறுக்கும் அணியாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும். மாப்பிள்ளை தேடுவது இதைவிடச் சுலபம்.

இந்த வித்தையை வெல்டா பயிற்சியாளர்களிடம் கேட்டுச் செய்யவில்லை. பயிற்சியாளர்கள் பொய் சொல்வார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு வெல்டா உண்டு. ஒரு பையன் வேறு ஊருக்குக் குடிபோனால் அவனுடைய தாள்களை அனுப்புவதும் வாங்குவதும் அந்தப் பெண்கள்தான். அந்தச் சாக்கில் பேசுவார்கள். மகள் பிரசவம், மூட்டு வலி, ஓவனில் வைத்த மக்ரோனி, எல்லாம் வரும். நடுவில் ஒரு வரி வரும். கால்டர் பள்ளியின் நோலா அப்படித்தான் சொன்னாராம்: "எங்க ஒன்பதாவதுக்கு ரெண்டு பசங்க புதுசா வந்திருக்காங்கடி. கதவுல குனிஞ்சுதான் உள்ள வர்றானுங்க. எம்புள்ள கோல்பியும் இப்பதான் ஓட ஆரம்பிச்சிருக்கான், நாய்க்கே பிடிபட மாட்டேங்கறான்."

கால்டர் அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் மொத்தம் மூன்று ஆட்டம் ஜெயித்த அணி. இன்னொன்றும் உண்டு. எங்களைத் தள்ளிவிட்டு லீக்கில் அந்த இடத்தை வெல்லர்காரர்கள் கொடுத்தது கால்டருக்குத்தான். அடிக்கச் சுலபமாக இருக்கும் என்று. நோலாவே போனில், "உன் நாற்காலில நாங்க உக்காந்துட்டோம்டி, கோவிச்சுக்காதே" என்று சொன்னதாகக் கேள்வி. அப்பேர்ப்பட்ட கால்டரோடு இரண்டாவது வாரத்துக்கு வெல்டா இரண்டு வருட ஒப்பந்தம் போட்டார்.

பெட்ரோல் பங்கில் இருந்த பெரியவர்கள் சிரித்த சிரிப்பை நான் கேட்டேன்.

"கால்டரா? அவனுங்கள ஜெயிச்சா என்ன கிடைக்கும்? சளிதான் கிடைக்கும்."

"அந்தம்மா டைப் அடிக்கறதோட நிறுத்திக்கலாம்ல?"

ஷ்ரைவரும் அங்கேதான் காபி குடித்துக்கொண்டிருந்தார். "நான் எவ்வளவோ சொன்னேன்" என்றார். உண்மையில் அவர் அப்படி எதையும் சொன்னதே இல்லை.

செப்டம்பரில் கால்டரை நாங்கள் 13-12 என்று ஜெயித்தோம். நான் எழுபத்தொன்றாம் எண் சட்டை, பெஞ்சில் உட்காருவதில் எனக்கு நிகர் கிடையாது. பெஞ்சிலிருந்து பார்த்தேன், அந்த இரண்டு நெட்டையன்களும் அன்றைக்கு ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தார்கள். மறுவாரத்திலிருந்து மிதிப்பதை நிறுத்திவிட்டார்கள். கால்டர் வரிசையாக ஏழு ஆட்டம் ஜெயித்தது. சுலபமாக அடிக்கலாம் என்று கூப்பிட்டு வைத்துக்கொண்ட லீக்கையே புரட்டி எடுத்தது. அவர்கள் ஒவ்வொன்று ஜெயிக்கும்போதும் எங்கள் புள்ளி ஏறியது. சிரித்த பெரியவர்கள் இப்போது கால்டர் ஆட்டத்தை ரேடியோவில் கேட்டுக் கை தட்டினார்கள். ஷ்ரைவர் முடி வெட்டும் கடையில், "கால்டரை நான் அப்பவே மோப்பம் பிடிச்சேன்" என்று சொன்னார். அவர் மூக்கைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பத்தாவது வாரம் நடுவர்கள் கிடைக்காததால் எங்கள் ஆட்டத்தை வியாழனுக்குத் தள்ளினார்கள். மூன்று மணி நேர பஸ் பயணம். ஜெயித்தோம். ஆறு வெற்றி, நான்கு தோல்வி. திரும்பி வர வெகுநேரம் ஆனதால், வெள்ளி காலையில் பாதி அணி தாமதச் சீட்டுக்காக அலுவலக பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் பக்கத்தில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் எங்கள் குவார்ட்டர்பேக் வேட் ஸ்லோன், பன்னிரண்டாம் வகுப்பு. அடுத்த வருடம் கிடையாது அவனுக்கு.

ஷ்ரைவர் ஒரு தாளோடு வந்தார்.

"வெல்டா, இன்னிக்கு சாயங்காலம் கால்டருக்கும் வெல்லருக்கும் ஆட்டம். கால்டர் ஜெயிச்சா நாம பதினாறாவது. உள்ள போயிடுவோம். தோத்தா நாம பதினேழு, வெல்லர் பதினாறு."

"தெரியும் சார். நேத்து ராத்திரியே கணக்குப் போட்டுட்டேன்."

"அந்த கோல்பிக்குப் போன வாரம் முட்டில அடியாமே. ஆடறானான்னு உங்க ஃப்ரெண்டைக் கேளுங்க."

"கேட்டா மட்டும்?"

"கேளுங்க. அவன் இல்லன்னா கால்டர் ஜெயிக்காது. நமக்கு எவ்வளவு முக்கியம்னு எடுத்துச் சொல்லுங்க. ஐம்பது வருஷமா இந்த ஊர் காத்துட்டிருக்கு."

வெல்டா போன் செய்தார். நோலா போனில் பேசினால் பக்கத்து மேய்ச்சலில் இருக்கும் மாட்டைக் கூப்பிடுவதுபோல் இருக்கும். பெஞ்சில் இருந்த ஒன்பது பேருக்கும் தெளிவாகக் கேட்டது.

"நானே உன்னைக் கூப்பிடணும்னு இருந்தேன்டி. டாக்டர் ஒரு தாள் கொடுத்துட்டாரு. கட்டுப் போட்டுட்டு ஆடலாம், ஆனா அம்மா கையெழுத்து வேணுமாம். கோச் என் மூஞ்சியப் பாக்கறாரு. புள்ள என் மூஞ்சியப் பாக்கறான்."

"நீங்கதான் ஏற்கெனவே உள்ள போயிட்டீங்களே. இன்னிக்குத் தோத்தா உங்களுக்கு என்ன?"

"எங்களுக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தான். எனக்கும் கணக்குத் தெரியும். உங்க இடத்தை எடுத்துட்டோம்னு எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு வெல்டா. நீ போடுன்னா போடறேன்."

ஷ்ரைவர் மேசை மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, போடச் சொல்லு, போடச் சொல்லு என்று உதட்டை மட்டும் அசைத்தார். வேட் பெஞ்சின் நுனிக்கு வந்திருந்தான். நானும் மனசுக்குள், போடச் சொல்லுங்க மிஸ் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் சொல்லிப் பயனில்லை.

வெல்டா பேனாவை மூடி வைத்தார். "படி ஏறும்போது எப்படி ஏறறான்?"

"கம்பியைப் பிடிச்சுக்கறான். அந்தக் காலை இழுக்கறான். யாராவது பாத்தா இழுக்காத மாதிரி நடிக்கறான்."

"அப்ப கையெழுத்துப் போடாதே."

"வெல்டா..."

"ஐஸ் பைய விட உறைஞ்ச பட்டாணிப் பாக்கெட் நல்லது. முட்டிக்குப் பொருந்தி உக்காரும். காலைத் தலகாணி மேல தூக்கி வை. வச்சுடறேன், இங்க ஒன்பது பேர் சீட்டுக்கு நிக்கறாங்க."

போனை வைத்தார். ஷ்ரைவருடைய கழுத்து சிவந்துவிட்டது.

"என்ன காரியம் பண்ணினீங்க?"

"போன் பண்ணச் சொன்னீங்க சார். பண்ணினேன்."

"அது அவங்க பையன், அவங்க முடிவு. நீங்க எதுக்கு நடுவுல?"

"என்னைத்தானே கேட்டா."

ஷ்ரைவர் தாளைக் கசக்கிக்கொண்டு போனார். வேட் எழுந்து மேசைக்குப் போனான்.

"மிஸ், நான் பன்னெண்டாவது."

"தெரியும்டா."

"எனக்கு இதுதான் கடைசி."

"தெரியும்டா வேட்" என்றார் மறுபடியும். சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அதில் அவர் தேதியைத் தப்பாக எழுதியிருந்ததை நான் பார்த்தேன். வேட் பார்க்கவில்லை.

கால்டர் 21-17 என்று தோற்றது. கோல்பி ஊன்றுகோலோடு ஓரத்தில் நின்றதாக ரேடியோவில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டியல் வந்தது. நாங்கள் பதினேழு.

அதற்குப் பிறகு இந்த ஊர் நடந்துகொண்டதை எழுதவே கூசுகிறது. ஞாயிறு காலை தேவாலயத்தில் வெல்டா உட்கார்ந்த வரிசையில் இரண்டு குடும்பங்கள் எழுந்து இடம் மாறின. ஆதரவாளர் சங்கத்தின் காலைச் சாப்பாட்டில், வாயில் பான்கேக்கோடு, ஷ்ரைவர், "நான் அருமையா ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தேன், அலுவலகத்துல ஒருத்தர் கெடுத்துட்டாங்க" என்றார். தலையாட்டினார்கள். ஜனவரியில் சளி கிடைக்கும் என்று சொன்ன அதே தலைகள். திங்கட்கிழமை வெல்டாவின் காரில், பின்கண்ணாடி முழுக்க, சோப்பால் பெரிதாக 17 என்று யாரோ எழுதியிருந்தார்கள். கார்க் கண்ணாடியில் சோப்பால் எழுதுவதில் இந்த ஊரில் என் கைதான் பேர் போனது, அதனால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இல்லை. கையெழுத்தே அசிங்கமாக இருந்தது. மூன்றாம் பாடவேளையில் அதைத் துடைத்தது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

வெல்லர் முதல் சுற்றில் 55-0 என்று உதை வாங்கியது. அதற்கும் ஒரு பேனர் அடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

புதன்கிழமை சாமான்களைத் திருப்பிக் கொடுக்கும் நாள். ஹெல்மெட், தோள் கவசம், சட்டை, எல்லாவற்றையும் வெல்டாவின் மேசையில் வைத்துப் பட்டியலில் டிக் வாங்க வேண்டும். வேட் கடைசியில் வந்தான். அந்தத் திங்களிலிருந்து அவன் அவரோடு பேசவில்லை. ஹெல்மெட்டை வைத்தான், கொஞ்சம் ஓங்கியே. வெல்டா அதைப் புரட்டி உள்ளே விரலை விட்டுப் பார்த்தார்.

"இடது காதுப் பஞ்சு போயிருக்கு. அடுத்தவனுக்குக் கொடுக்கறதுக்குள்ள மாத்தணும்."

"அடுத்தவன் யார்கூட ஆடப் போறான் மிஸ்? நமக்குத்தான் நாதி இல்லையே."

"நாலு வெள்ளிக்கிழமை பிடிச்சாச்சு. இன்னும் ஆறு."

"கால்டர் உண்டா?"

"ரெண்டாவது வாரம். நம்ம மைதானத்துல. ஒப்பந்தம் ரெண்டு வருஷம்ல?"

வேட் சட்டையையும் மடிக்காமல் அப்படியே போட்டான். வெல்டா அதை எடுத்து மடித்தார். அவன் போகவில்லை. மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றான்.

"அந்தப் பையன் ஆடுவானா அப்ப?"

"ஆடுவான்னுதான் நோலா சொல்றா. ஆபரேஷன் வேணாமாம். மார்ச்சுக்குள்ள ஓட விட்டுருவாங்களாம்."

"ஆடட்டும்" என்றான் வேட். "நொண்டிக் கால்டரை ஜெயிச்சோம்னு நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது."

அவரை மன்னித்த முகம் இல்லை அது. கதவை உதைத்துத் திறந்துகொண்டு போனான். வெல்டா அவன் பேருக்கு நேரே டிக் போட்டார், ஹெல்மெட்டை அலமாரியில் வைத்தார், ஆறாவது வாரத்துக்கு ஆள் கேட்டு மேற்கு வர்ஜீனியாவில் யாரோ ஓர் அம்மாவுக்கு போன் போட்டார். மறுமுனையில் எடுத்ததும் முதலில் அந்த அம்மாவின் மூட்டு வலியைத்தான் விசாரித்தார்.