சுடலையில் நின்ற டிஸ்க்

அண்ணைக்கு நாங்கள் நாலு டிஸ்க் அனுப்பினோம். நாலும் அப்பாவின் செத்தவீடு.

அண்ணை சுவிசில் இருந்தார். விசா இல்லை. வந்தால் திரும்பிப் போக முடியாது. வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை, கொள்ளி வைக்க வேண்டியவர். அவர் இல்லாததால் சித்தப்பாவின் மகன் வைத்தான். எல்லாவற்றையும் வீடியோக்காரர் எடுத்து ஒரு கசெட்டில் தந்தார். வருசம் முடிய வருகிற ஆட்டைத் திவசத்துக்கு முன்னம் அண்ணை அதை முழுக்கப் பார்த்துவிட வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். பார்க்காவிட்டால் அவருக்கு மனம் ஆறாது என்றார்.

அண்ணை முன்னர் அனுப்பிய மெசின் ஒன்று வீட்டில் இருந்தது. ஒரு பக்கம் கசெட் போட்டால் மற்றப் பக்கம் டிஸ்க்கில் பதியும். ரிமோட்டில் எல்லாம் இங்கிலீஷ். அம்மாவுக்கு விளங்காது. எனக்கும் விளங்காது. ஆனால் எனக்குப் பதினொரு வயது. எதையும் அமத்திப் பார்க்கப் பயமில்லை.

முதல் டிஸ்க் எங்கள் வீட்டில் ஓடியது. அங்கே ஓடவில்லை. உள்ளே ஒன்றும் இல்லை என்று மெசின் சொல்லுதாம். நான் சந்தியில் இருந்த வீடியோக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சிரித்தார்.

"பதிஞ்சு முடிய டிஸ்க்கைப் பூட்டினனியோ?"

"பூட்டுறதோ?"

"பூட்டாட்டி அது உங்கடை மெசினோடை மட்டும்தான் கதைக்கும். ஊராரோடை கதைக்காது."

எந்தப் பொத்தானை அமத்திப் பூட்டுவது என்று ஒரு துண்டில் கீறித் தந்தார். இரண்டாவது டிஸ்க்கைப் பூட்டி அனுப்பினோம். இரண்டு கிழமையால் அண்ணை போன் எடுத்தார்.

"ஓடுது அம்மா. ஆனா சுடலைக்குக் கொண்டுபோற இடத்திலை படம் கட்டங்கட்டமாய் உடைஞ்சு நிக்குது."

திரும்பவும் கடைக்குப் போனேன். கடைக்காரர் நான் கொண்டுபோன மிச்ச டிஸ்க் ஒன்றை வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

"வடை தின்ட கையோ உது? அடிப்பக்கத்திலை விரலை வையாதை. டிஸ்க்கும் மலிவுச் சாமான். பதியிறது நடுவிலையிருந்து வெளியாலை வரும். மலிவு டிஸ்க் எண்டால் கரைக்கு வரேக்கை காலை வாரும். சுடலை கடைசியிலைதானே வருது?"

"ஓம்."

"அப்ப கரைதான் பிழை."

எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பாகப் பட்டது. விலை கூடின டிஸ்க் வாங்கினேன். சுடலையை மட்டும் தனியாக அதில் பதிந்தேன். நடுவில் இருந்தே தொடங்கும். கரைக்குப் போகாது.

எங்கள் பக்கம் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வீட்டு வாசல் படலையோடு நின்றுவிடுவோம். அப்பாவைச் சுடலையில் நான் கண்டது அந்த மெசினில்தான். பதிகிறபோது ஒருதரம், பதிந்த பிறகு மூன்றுதரம் பார்த்தேன். அம்மா அந்த நேரம் கிணற்றடிக்குப் போய்விடுவார். நான் டிவிக்குக் கிட்ட இருந்து கட்டம் விழுகிறதா என்று பார்த்தேன். அப்பாவைப் பார்க்கவில்லை. கட்டத்தைத்தான் தேடினேன். சித்தப்பாவின் மகன் கொள்ளியோடு சுற்றி வந்தான். நெருப்புப் பிடித்தது. ஒரு கட்டமும் விழவில்லை. சந்தோஷமாக இருந்தது.

"அம்மா, சுத்தமாய் ஓடுது!" என்று கத்தினேன். அம்மா கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது டிஸ்க் போனது. அண்ணை சொன்னார், "உது தொடங்கவே இல்லை அம்மா."

எனக்குத் தலை சுற்றியது. கரையும் இல்லை, விரலும் படவில்லை, பூட்டியும் இருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டேன். அவருக்கும் பிடிபடவில்லை. "உன்ரை அண்ணையின்ரை மெசினிலைதான் வருத்தம் போலை," என்றார்.

அதைக் கேட்க அம்மா போன் எடுத்தார். அண்ணை வேலைக்குப் போயிருந்தார். அவரோடு அறையில் இருக்கிறவர் கதைத்தார். போன் சத்தமாகத்தான் கேட்டது.

"மெசினிலை ஒரு பிழையும் இல்லை அன்ரி. உந்தக் கடைசி டிஸ்க்கை நான் முழுக்கப் பாத்தனான். வடிவாய் ஓடினது."

"என்ரை மகன் பாத்தவனோ?"

"அவன் போட்டவன் அன்ரி. பிறகு எழும்பி வெளியாலை போயிட்டான்," என்றார் அந்த ஆள்.

அம்மா போனை வைத்தார். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரே டிஸ்க், ஒரே மெசின். அந்த ஆளுக்கு ஓடுகிறது, அண்ணைக்கு நிற்கிறது. அப்படி ஒரு பழுதைக் கடைக்காரர் சொல்லித் தரவில்லை.

அடுத்த நாள் அம்மா இன்னொரு டிஸ்க் வாங்கி வரச் சொன்னார். முதலில் இருந்து பதியச் சொல்லிப் பக்கத்தில் இருந்தார். குளிப்பாட்டுவது, தேவாரம், வாய்க்கரிசி எல்லாம் போனது. பாடை படலையைத் தாண்டியது.

"இதோடை நிப்பாட்டு," என்றார்.

"இன்னும் இருக்கு அம்மா."

"நிப்பாட்டிப் பூட்டு பிள்ளை."

நிற்பாட்டினேன். பூட்டினேன். அனுப்பினோம்.

திவசத்துக்கு நாலு நாள் இருக்க அண்ணை போன் எடுத்தார்.

"இந்த முறை ஒரு இடத்திலையும் நிக்கேல்லை அம்மா. கடைசி மட்டும் பாத்தன்." பிறகு கேட்டார், "இவ்வளவும்தானோ?"

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை வந்து பொத்தியது.

"ஓம் ராசா. இவ்வளவும்தான். முழுக்கப் பாத்திட்டாய்."

அங்கே அண்ணை அழுவது கேட்டது. அம்மா போனைக் காதில் வைத்தபடி நின்றார். என் வாயில் இருந்து கையை எடுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. டிஸ்க்கில் அரை மணித்தியாலத்துக்கு இடம் மிச்சம் கிடந்தது.