செத்தவர் நின்ற காட்சி

கீழ்வேளூர் பக்கத்தில் மூடிக் கிடந்த ஒரு ரைஸ்மில்லுக்குத் தியாகராசன் காவல்காரர். திருட ஒன்றுமில்லாத இடத்துக்கு எதற்குக் காவல் என்று அவர் முதலாளியைக் கேட்டதில்லை. ரோட்டில் போகிறவர்கள் மில் கேட்டைப் பார்ப்பார்கள், அவரைப் பார்த்ததில்லை. இளவயதில் கோயில் திருவிழா நாடகத்திலும் அவருக்குக் கிடைத்தது திரை இழுக்கும் வேலைதான்.

அந்த மில்லில் கொலைப்படம் எடுக்க வந்தார்கள். முகமூடி போட்ட ஒருவன் அரிவாளோடு திரிந்து, உள்ளே மாட்டிக்கொண்ட கல்லூரிப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கொல்கிற கதை. முதல் பலி காவல்காரன். அதில் நடிக்க வேண்டியவர் வரவில்லை.

"நீங்களே செத்துருங்கண்ணே" என்றார் டைரக்டர்.

தியாகராசன் வீட்டுக்கு ஓடி, லீவில் வந்த சிங்கப்பூர் மருமகன் எடுத்துக் கொடுத்த மயில்கழுத்து நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். கேமராவை அவருக்குப் பின்னால் வைத்தார்கள். உமிக்குவியலில் குப்புற விழுந்து செத்தார். முகம் தெரியவில்லை.

கடைசி நாள், போலீஸ் பிணங்களைத் தூக்கும்போது வேடிக்கை பார்க்க ஊர்க்கூட்டம் தேவைப்பட்டது. தியாகராசனும் போய் நின்றார், அதே சட்டையில். நல்ல சட்டை என்று அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் உடையும் காயமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது மாளவிகாவின் வேலை. முன்பிருந்த ஆள் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டதால் பாதியில் வந்து சேர்ந்த தஞ்சாவூர்ப் பெண். அவளுக்கு அது முதல் படம்.

"ஐயா, நீங்க முன்னாடி எந்த சீன்லயாவது வந்தீங்களா?"

"இல்லம்மா."

"இந்தச் சட்டைய எங்கயோ பாத்த மாதிரியே இருக்கு."

"மயிலாடுதுறைல பாதிப் பேரு இதத்தான் போட்டுக்கிட்டுத் திரியிறான்."

அவள் சிரித்துவிட்டு நகர்ந்தாள். கேமரா மெதுவாக வந்து அவர் முகத்தில் நின்றுவிட்டுப் போனது.

படம் வெளியானதும் யாரோ யூடியூபில் அதன் ஓட்டைகளை எடுத்துப் போட்டார்கள். கொலைகாரன் நடந்தே வருகிறான், ஆனால் ஓடுகிறவளுக்கு முன்னால் போய் நிற்கிறான். கரண்ட் இல்லாத மில்லில் ஃபேன் சுற்றுகிறது. இடது கையில் பட்ட வெட்டு அடுத்த அறையில் வலது கைக்கு மாறிவிடுகிறது. இதெல்லாம் போதாதென்று, முதலில் செத்த காவல்காரர் தன் பிணத்தைத் தானே வேடிக்கை பார்க்க வருகிறார். அவர் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள்.

"வாங்க மாமா, கருமாதி நல்லபடியா முடிஞ்சுதா?" என்பார் டீக்கடை இப்ராஹிம். "செத்தவருக்குச் சக்கர போடலாமா?"

தியாகராசனுக்குக் கோபம் வரவில்லை. "மூஞ்சியப் பாத்துட்டாங்கல்ல" என்று டீயைக் குடிப்பார். கேலி வேறு, மதிப்பு வேறு என்று பிரித்துச் சொல்கிறவர்கள், யாரும் திரும்பிப் பார்க்காமல் வாழ்ந்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

ஒருநாள் மாளவிகா போன் செய்தாள்.

"உங்கள நேராவே கேட்டேனே ஐயா. செத்தவர எழுப்பிவிட்ட பொண்ணுன்னு பேராயிடுச்சு. அடுத்த படத்துலேருந்து என்னத் தூக்கிட்டாங்க."

"மூஞ்சி தெரியணும்னுதாம்மா..."

"சொல்லியிருந்தா வேற சட்டை குடுத்து அங்கயே நிறுத்தியிருப்பேன். மூஞ்சியும் தெரிஞ்சிருக்கும்."

வைத்துவிட்டாள். வேறு சட்டை என்கிற யோசனை அவருக்கு அதுவரை வந்ததே இல்லை. அதை மனைவி ஈஸ்வரியிடம்கூட அவர் சொல்லவில்லை.

படம் ஓடிடியில் வருகிறது என்றதும், மருமகனின் அம்மா ரெங்கம்மாளை மன்னார்குடியிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அந்த அம்மாள் படத்தையும் பார்த்ததில்லை, யூடியூபையும் பார்த்ததில்லை. சம்பந்தி படத்தில் வருகிறார் என்பது மட்டும் தெரியும்.

காவல்காரன் உமியில் விழுந்தான். கொலைகாரன் நடந்தே முந்தினான். ஃபேன் சுற்றியது. வெட்டு கை மாறியது. போலீஸ் வந்தது, கூட்டம் வந்தது. கூட்டத்தில் தியாகராசன் இல்லை. அந்த ஒரு தவறை மட்டும் திருத்தியிருந்தார்கள். மற்றவற்றைத் திருத்த மறுபடி படம் எடுக்க வேண்டும். இவரை வெட்டினால் போதும்.

"எங்க, உங்களக் காணுமே?" என்றார் ரெங்கம்மாள். ஈஸ்வரி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெங்கம்மாளே மறுபடி கேட்டார்: "ஆமா, மொதல்ல உமில விழுந்தது, அந்தச் சட்டை எம்மவன் எடுத்துக் குடுத்ததுல்ல? அது நீங்களா?"

"இல்லம்மா" என்றார் தியாகராசன். "மயிலாடுதுறைல பாதிப் பேரு இதத்தான் போட்டுக்கிட்டுத் திரியிறான்."