முழங்காலில் வலி, படத்தில் ஒன்றுமில்லை

எனக்குக் கல்யாணமான இரண்டாம் மாதம் என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி வந்தது. வந்தது என்று இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு, வந்ததாக அவர் சொல்கிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் பேசினோம்.

அது அறுபதுகளின் கடைசி. அவர் பினாங்கில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். கல்யாணத்துக்காகக் கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கி, காரைக்குடி வந்துசேர்ந்தார். நிக்காஹ் முடிந்து சில மாதங்களில் திரும்பிவிட வேண்டும். மறுபடி அந்த நாட்டுக்குள் நுழைய அவரிடம் இருந்த பெர்மிட்டுக்குக் கெடு உண்டு. அது தாண்டினால் அங்கே பிழைப்பு முடிந்தது. எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் இப்படி வெளிநாட்டில்தான் இருந்தார்கள். அதைச் சபர் என்போம். புருஷன் சபர் போய்விட்டால், மாமியாரும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்ட வேண்டும். நான் அதற்கு மனசைத் தயார்செய்து வைத்திருந்தேன்.

காளையார்கோவிலில் ஒரு கல்யாண விருந்துக்குப் போய்விட்டு வந்த நாளில், பஸ்ஸிலிருந்து இறங்கியவர் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "ஊனும்போது குத்துது புள்ள" என்றார். வீட்டுக்கு வந்ததும் கப்பலில் கொண்டுவந்த தைலத்தை நான்தான் தேய்த்துவிட்டேன். வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, சூடும் இல்லை. வலது முழங்கால் எப்படி இருந்ததோ அப்படியேதான் இடதும் இருந்தது. தைலம் தீர்ந்தது. நொண்டல் தீரவில்லை.

என்னைப் பெற்ற அத்தா மவுத்தான பிறகு என்னை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் என் அண்ணன். சந்தைக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். எந்த மூட்டையையும் குத்தூசி போட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் பள்ளிவாசலில் வேண்டியவர்களோடு பேசிக்கொண்டு நின்றிருந்தார் போல, இன்னும் வரவில்லை. அண்ணன் என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை எனக்கு முன்னாடி வரிசையிலதான் தொழுதாக. காலை நல்லா மடக்கித்தான் உக்காருறாக. எந்திரிச்சு நடக்கையிலதான் வலி வருது. அது என்ன வலி?"

"எனக்கு என்ன தெரியும்ணே?"

"கெடு நெருங்குது. முழங்கால் வலிக்கிறவன் மொத மடக்கத்தானே முடியாம இருக்கணும்? அங்குட்டுக் கடையில என்னமோ நடந்திருக்கு. திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பிட்டாகளோ என்னமோ. நீ கொஞ்சம் பாத்துக்க."

பார்த்துக்கொள் என்றால் கண்காணி என்று அர்த்தம். அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். நான் முன்னமே அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அண்ணனுக்குத் திருட்டுச் சந்தேகம் என்றால் எனக்கு வேறு சந்தேகம். பினாங்கில் ஒரு பெண் இருக்கிறாள், அவளிடமிருந்து தப்பித்து வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கல்யாணமாகி இரண்டே மாதம். அந்த மனிதரைப் பற்றி அவர் எத்தனை கரண்டிச் சோறு சாப்பிடுவார் என்பதைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும்?

மாமி ஒருவர்தான் மகனின் வலியை நம்பினார். ஆனால் அது வந்த வழி நான்தான் என்றும் நம்பினார். கண்ணேறு பட்டுவிட்டது என்று தண்ணீர் ஓதி வாங்கி வந்து குடிக்கக் கொடுத்தார். கொடுக்கும்போது என்னைத்தான் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரி சுவரோரம் நின்று, "புதுப் பொண்டாட்டி காலைக் கட்டிப் போட்டுட்டா" என்று சிரித்தது என் காதிலும் விழுந்தது.

ஒரு நாள் மாமி சந்தைக்குப் போயிருந்தார். நானும் அக்கம்பக்கத்து வீட்டுக்குப் போயிருப்பதாக என் வீட்டுக்காரர் நினைத்திருக்க வேண்டும். நான் அடுப்படி ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். ஆள் இல்லாத இடத்தில் எப்படி நடக்கிறார் என்று பார்க்கத்தான். கிணற்றடிக்கு நடந்தார். நொண்டித்தான் நடந்தார். எனக்கு ஒரு நிமிஷம் வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நின்று அவர் கையை எங்கே வைத்துத் தேய்த்தார் என்றால், முழங்காலில் இல்லை. தொடையின் மேல்பக்கம், கவட்டை ஓரமாக. முழங்காலைத் தொடவே இல்லை.

அகப்பட்டுக்கொண்டார் என்று நினைத்தேன். பொய் சொல்கிறவருக்கு எந்த இடத்தில் வலி என்று சொன்னோம் என்பதே மறந்துபோயிருக்கிறது. இதை அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே பஞ்சாயத்து வைத்துவிடுவார். எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

அதே வாரத்தில் இன்னொன்றும் பார்த்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்தார். எப்போதும் அந்தக் காலை நீட்ட மாட்டார். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் கொஞ்சம் மடக்கியே வைத்திருப்பார். நன்றாக அசந்து தூங்கியபிறகு திடீரென்று அம்மா என்று முனகிக் காலை இழுத்துக்கொண்டார். விழிக்கவில்லை. சற்று நேரத்தில் மறுபடியும் அப்படியே. தூக்கத்தில் யாராவது நடிப்பார்களா? ஒருவேளை தூங்கவே இல்லையோ என்று கிட்டப்போய்க் குனிந்து பார்த்தேன். வாயோரம் எச்சில் ஒழுகியிருந்தது. தூக்கம்தான்.

சிங்கம்புணரிப் பக்கம் எலும்புக் கட்டுக் கட்டுகிற வைத்தியர் ஒருவர் இருந்தார். மாமி அவரிடம் கூட்டிப்போகச் சொன்னார். வைத்தியர் முழங்காலை இரண்டு கையாலும் அமுக்கி, ஜவ்வு விலகியிருக்கிறது என்றார். உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் பூசி, மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டினார். கட்டுப் பிரித்தபோது முழங்கால் விறைத்திருந்தது. வலி அப்படியே இருந்தது. இன்னொரு கட்டுப் போட வேண்டும் என்றார் வைத்தியர். அண்ணன் அவரையும் சந்தேகப்பட்டு, வேண்டாம் என்றுவிட்டார்.

பிறகு காரைக்குடியிலேயே ஒரு டாக்டர். அவர் முழங்காலை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "எலும்பு சுத்தமா இருக்கு" என்றார். சத்து ஊசி போட்டு, மாத்திரை எழுதிக்கொடுத்தார். நாங்கள் கிளம்பும்போது அண்ணனை மட்டும் நிறுத்தி வைத்துப் பேசினார். வெளியே வந்த அண்ணன் முகம் இறுகியிருந்தது. வீடு வந்து சேர்ந்ததும் மாமியின் முன்னாலேயே சொன்னார்: "படத்துல ஒண்ணுமில்லையாம். வெளிநாடு போக இஷ்டமில்லாதவகளுக்கு இப்படி ஒரு வலி வர்றது உண்டாம். டாக்டரே சொல்லிட்டாரு."

மாமி எழுந்து நின்றார். "எம் மவன் பொய் சொல்றாங்கிறீகளா?"

"நான் சொல்லல. படம் சொல்லுது."

என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஏன் மறுத்துப் பேசவில்லை என்பது என் சந்தேகத்தை இன்னும் வளர்த்தது. உண்மையாக வலிக்கிற மனுஷன் கோபப்பட மாட்டாரா?

அன்று சாயங்காலம் வெற்றிலை மடித்துக்கொடுக்கும்போது அவர் கையைத் தொட்டேன். கொதித்தது. முந்திய நாட்களிலும் சாயங்காலமானால் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். இடுப்பு வேட்டியும் தளர்ந்துகொண்டே வந்தது. சாப்பாடு குறைந்துபோனது காரணமாயிருக்கும் என்று விட்டிருந்தேன். காய்ச்சலை நடிக்க முடியாது. மறுநாள் காலையில் நானே அண்ணன் கடைக்குப் போனேன்.

"மதுரைக்குக் கூட்டிப் போகணும்ணே. பெரிய எலும்பு டாக்டர்கிட்ட."

"எதுக்கு? இன்னொரு படம் எடுக்கவா?"

"பொய்யின்னா அங்குட்டே தெரிஞ்சுபோகும்ல."

அந்தப் பேச்சுத்தான் அண்ணனை அசைத்தது. பொய்யைக் கண்டுபிடிக்க என்றால் எவ்வளவு தூரமும் வருவார்.

மதுரை டாக்டர் வயதானவர், அவசரமில்லாதவர். முதலில் என் வீட்டுக்காரரை அறைக்குள் இப்படியும் அப்படியும் நடக்கவிட்டார். பிறகு பலகையில் மல்லாக்கப் படுக்கவைத்தார். இரண்டு தொடையையும் டேப் வைத்து அளந்தார். இடது தொடை இளைத்திருந்தது. முழங்காலை மடக்கினார், நீட்டினார், பக்கவாட்டில் அசைத்தார். வலிக்கவில்லை என்றார் என் வீட்டுக்காரர். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தாயா என்று அர்த்தம்.

அடுத்து டாக்டர் முழங்காலை மடக்கிப் பிடித்தபடியே, மொத்தக் காலையும் மெல்ல ஒருபக்கமாகத் திருப்பினார். கால் திரும்பவில்லை. இடுப்பே சேர்ந்து புரண்டது. என் வீட்டுக்காரர் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார்.

"எங்க வலிக்குது?"

"முழங்கால்லதான்."

டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். "வீட்டுல இவர் எந்த இடத்தைத் தேய்ச்சுக்கிறாரும்மா?"

கிணற்றடியில் பார்த்ததைச் சொன்னேன். தூக்கத்தில் முனகுவதை, காலை நீட்டாமல் படுப்பதை, சாயங்காலக் காய்ச்சலை எல்லாம் சொன்னேன். அவருக்கு எதிராக நான் சேர்த்துவைத்திருந்தது அத்தனையையும் டாக்டர் அவருக்குச் சாதகமாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நான் ஒளிந்து நின்று பார்த்திருக்கிறேன் என்பது என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் தெரியும். படுத்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"முழங்கால் நல்ல முழங்கால்" என்றார் டாக்டர். "சீக்கு இடுப்பு மூட்டுல இருக்கு. இடுப்புக்குப் போற நரம்புதான் முழங்காலுக்கும் போகுது. மேல கெட்டாலும் கீழ வலிக்கும். முழங்காலைப் படம் எடுத்தா எப்படித் தெரியும்?"

அறையை விட்டு வெளியே வந்ததும் அண்ணன் என் காதில் சொன்னார்: "முழங்காலுக்குன்னு வந்தா இடுப்பைப் படம் எடுக்கச் சொல்றாரு. நாளைக்குத் தலையை எடுக்கச் சொல்வாரு."

ஆனாலும் எடுத்தோம். அந்தப் படத்தில் எங்களுக்கே தெரிந்தது. வலது இடுப்பில் பந்து கிண்ணத்தில் உட்கார்ந்ததுபோல எலும்பு வழவழப்பாக இருந்தது. இடதுபக்கம் அந்தப் பந்தின் ஓரம் அரித்துப்போயிருந்தது. எலும்பில் டி.பி. என்றார் டாக்டர்.

ஒரு சந்தேகம் போன இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அண்ணன் முன்னால் விறுவிறுவென்று நடந்தார். வீட்டு வாசலில் மாமியிடம் கேட்டார்: "நோயை மறைச்சுத்தானே நிக்காஹ் முடிச்சீக?" மாமி அல்லாமேல் ஆணையிட்டார். அண்ணன் என்னை அன்றைக்கே கூட்டிப்போகிறேன் என்று நின்றார். நான் போகவில்லை. பாசத்தில் என்று சொல்ல மாட்டேன். சில மாதப் பழக்கத்தில் அந்த அளவுக்குப் பாசம் எங்கிருந்து வரும்? வலி விஷயத்தில் நாங்கள் நினைத்தது தப்பாகிவிட்டது. நோயை மறைத்தார்கள் என்பதும் தப்பாக இருக்குமோ என்ற எண்ணம்தான். டாக்டரும், இது இருமலில் பரவுகிற வகை மாதிரித் தெரியவில்லை, மார்புப் படம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்.

மதுரை ஆஸ்பத்திரியில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டார்கள். பிறகு மார்புக்குக் கீழிருந்து இடது பாதம் வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். தினமும் கம்பவுண்டர் வந்து ஊசி போட்டார். வாய்க்கு மாத்திரை வேறு. மல்லாந்து கிடந்தபடிதான் எல்லாம். கட்டுக்குள் அரிக்கும்போது விசிறிக் காம்பை விட்டுச் சொறிந்துவிடுவேன். நர்ஸ் சொன்னதால் அவர் தட்டை வெந்நீரில் போட்டு எடுத்தேன். மாமி அதைப் பார்த்துவிட்டு, "எம் மவன் எச்சி உனக்கு அருவருப்பாகிப்போச்சோ" என்றார். என்ன சொல்லியும் நம்பவில்லை. அன்றிலிருந்து மாமியே தட்டைக் கழுவினார்.

அவர் அந்தக் கட்டுக்குள் கிடக்கும்போதே பெர்மிட்டின் கெடு தாண்டிப்போனது.

கட்டைப் பிரித்தபோது இடுப்பு மூட்டு இறுகிச் சேர்ந்துபோயிருந்தது. அது இனி அசையாது, ஆனால் வலிக்காது என்றார் டாக்டர். அசையாமலே கிடந்ததில் முழங்காலும் இரும்பாகிவிட்டது. முழங்காலுக்கு உண்மையான வைத்தியம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, குதிகாலைப் பிடித்து மெல்ல மெல்ல மடக்க வேண்டும். நான் மடக்குவேன். அவர் போதும் போதும் என்பார். இன்னும் கொஞ்சம் மடங்கும், வேண்டுமென்றே விறைத்துக்கொள்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

"தளத்தி விடுங்க மச்சான்."

"தளத்தித்தான் இருக்கேன்."

"இல்ல. நீங்க பிடிக்கிறீக."

"ஒனக்கு என்னை எப்பத்தான் நம்ப முடியும்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் குதிகாலை விடவில்லை. அந்த வருஷ நோன்புக்குள் முழங்கால் முக்கால்வாசி மடங்கியது.

எழுபதுகளில் காரைக்குடியிலேயே ஒரு ஜவுளிக்கடையில் உயரமான முக்காலியில் உட்கார்ந்து துணி கிழித்துக்கொடுக்கிற வேலை கிடைத்தது. இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து நடந்துபோவார். தொழுகைக்கு நாற்காலி. அண்ணனும் மெதுவாகப் பழகிவிட்டார். பெருநாளுக்குத் துணியெடுக்க அந்தக் கடைக்குத்தான் வருவார், மீட்டர் அளக்கும்போது மட்டும் பக்கத்தில் நின்று பார்ப்பார்.

ஒருநாள் பினாங்கில் அவரோடு வேலை பார்த்தவர் விடுமுறையில் வந்து டீ குடித்துவிட்டுப் போனார். மரியாதையாகத்தான் பேசினார்; திருட்டுப் பேச்சும் இல்லை, பெண் பேச்சும் இல்லை. அவர் போனபிறகு நான் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"உங்களுக்கு அப்ப திரும்பிப் போகணும்னு இருந்துச்சா, இல்லையா?"

"வலி நெசம் புள்ள. போக மனசில்லைங்கிறதும் நெசம். அந்த டாக்டர் சொன்னப்ப அதான் எதுத்துப் பேச முடியல. எனக்கே தெரியல, வலிக்குதா, வலிக்கணும்னு நெனைக்கிறேனான்னு."

"ஏன் போக மனசில்ல?"

"ஒன்னைய விட்டுட்டுப் போகவான்னுதான்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. டீ கிளாஸைப் பார்த்தார்.

அந்தச் சில மாதத்தில் நான் அவருக்கு அப்படி என்ன செய்துவிட்டேன்? ஒளிந்து நின்று பார்த்ததைத் தவிர ஒன்றுமில்லை. இதை முழுக்க நம்பவும் முடியவில்லை, விடவும் மனசில்லை. கிளாஸ்களை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அதற்குமேல் நான் துருவவில்லை.