புளியமரங்களுக்குக் கீழே ஒரு பாதை

இரும்புலியூர் அருகே ஜி.எஸ்.டி. சாலையோரம் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் தனிப்பாதை போடுகிறார்கள். இன்று அந்தப் பக்கம் போனபோது, காய்ச்சிய தாரின் வாசனை என்னை எண்பதுகளுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அப்போது அங்கே புளியமர வரிசைக்குக் கீழே, தார்ச்சாலைக்கும் பள்ளத்துக்கும் நடுவில், கால்களும் சைக்கிள் டயர்களும் அழுத்தி அழுத்திச் சிமெண்டுபோல் இறுகிப்போன ஒரு மண்பாதை இருந்தது. உதிர்ந்த புளியம்பூக்களின் மேல் சக்கரம் உருள, தாம்பரத்துப் பள்ளிக்கு நானும், டெலிபோன் ஆபீஸ் வேலைக்கு எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்காவும் தினமும் அதில்தான் போவோம்.

ஒரு மழைக்காலக் காலையில், லாரியை முந்திக்கொண்டு எதிரே வந்த பஸ் ஒன்று தாரைவிட்டு இறங்கி எங்கள்மேலேயே வந்தது. அக்கா என்னைச் சைக்கிளோடு பள்ளத்தில் தள்ளிவிட்டுத் தானும் விழுந்தாள். அவள் முழங்கை கிழிந்து ரத்தம் கொட்டியது.

அம்மா என் சைக்கிளைப் பூட்டிவிட்டாள். "இனிமே ஸ்கூலே வேணாம்."

மறுநாள் அக்கா கையில் கட்டோடு வந்து நின்றாள். "ஆன்ட்டி, அவ படிப்பு நின்னுடும். ரோட்டுப் பக்கம் நான் ஓட்டினு வரேன், மரத்துப் பக்கம் அவ வரட்டும்."

அம்மா சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

தொண்ணூறுகளில் சாலையை அகலமாக்கியபோது மரங்களும் பாதையும் போயின. கல்யாணமாகி அக்காவும் போய்விட்டாள். நான் படித்து டீச்சரானேன். நாங்கள் சேர்ந்து போன அந்த வருஷங்களில், லாரி ஹார்ன் கேட்கும்போதெல்லாம் அக்கா திரும்பாமலே கேட்பாள்: "இருக்கியாடி?"

"இருக்கேன்க்கா."